டெஸ்ட் சொன்ன 'பராமரிப்பவர்' யார்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் ஒரு 'ஆர்க்கிடைப் டெஸ்ட்' (ஆர்க்கிடைப் என்றால் தமிழில் தொல்படிமம்) எழுதியிருக்கிறீர்கள், பன்னிரண்டு வகைகளில் 'பராமரிப்பவர்' என்று முடிவு வந்திருக்கிறது, படித்ததும் அச்சு அசலாக நான்தான் என்று தோன்றியிருக்கிறது. அப்பாவின் மாத்திரை, தம்பியின் லோன் தவணை, அலுவலகத்தில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் கேக் வாங்குவது வரைக்கும் எல்லாம் உங்கள் தலையில். ஆனால் ஆறு மாதமாக எதற்கெடுத்தாலும் எரிச்சல், எரிந்து விழுந்தபின் குற்ற உணர்வு. நனவிலியில், அதாவது நமக்கே தெரியாத மனதின் அடித்தளத்தில், இருக்கும் இந்தத் தொல்படிமம்தான் என் குணத்தை உருவாக்குகிறதா, அப்படியானால் என்னை நான் எப்படிப் புரிந்துகொள்வது என்று கேட்கிறீர்கள்.

முதலில் அந்த டெஸ்டை ஓரமாக வைத்துவிடலாம். தொல்படிமம் என்ற கருத்தைத் தந்த சுவிஸ் மனநல மருத்துவர் கார்ல் யுங், பன்னிரண்டு என்று பட்டியல் எதுவும் போடவில்லை. தாய், குழந்தை, ஞானக் கிழவர், தந்திரக்காரன், நிழல் என்று சில உருவங்கள் அவர் எழுத்தில் திரும்பத் திரும்ப வரும், அவ்வளவுதான். வாழ்க்கையில் மாறாமல் திரும்பி வரும் சூழ்நிலைகள் எத்தனையோ அத்தனை தொல்படிமங்கள் இருக்கும் என்பதுதான் அவர் நிலை, எண்ணிக்கை போட அவர் முயலவில்லை. பன்னிரண்டு என்ற கணக்கு கரோல் பியர்சன் என்ற அமெரிக்கர் 1991இல் எழுதிய ஒரு சுயமுன்னேற்ற நூலிலிருந்து வருகிறது. அப்புறம் 2001இல் அவரும் விளம்பரத் துறையைச் சேர்ந்த மார்கரெட் மார்க்கும் சேர்ந்து அதைப் பிராண்டுகளுக்குப் பொருத்தினார்கள். நீங்கள் எழுதிய டெஸ்டின் கொள்ளுத்தாத்தா அங்கே இருக்கிறார். பைக் கம்பெனிக்கு ஒரு 'புரட்சிக்காரன்' முகமும் சோப்புக்கு ஒரு 'கள்ளமற்றவர்' முகமும் தர அந்தப் பட்டியல் நன்றாகவே உதவும், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பிராண்டுக்கு நனவிலி கிடையாது, உங்களுக்கு இருக்கிறது. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

யுங் எங்கிருந்து தொடங்கினார் என்று பார்த்தால் விஷயம் பிடிபடும். 1900 டிசம்பரில், 25 வயதில், சூரிக் நகரின் பர்க்ஹோல்ஸ்லி மனநல மருத்துவமனையில் ஆய்கன் பிளாய்லரின் கீழ் உதவி மருத்துவராகச் சேர்ந்தார். அங்கே அவர் செய்த பெரிய வேலை சொல் தொடர்புச் சோதனை. நூறு சொற்கள் கொண்ட ஒரு பட்டியல், கையில் ஸ்டாப்வாட்ச். ஒரு சொல்லைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் மனதில் தோன்றும் முதல் சொல்லைச் சொல்ல வேண்டும், எடுத்துக்கொண்ட நேரம் ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு வரை துல்லியமாகக் குறிக்கப்படும். மேசை என்றால் நாற்காலி, இரவு என்றால் பகல் என்று மளமளவென்று சொல்லிக்கொண்டு வந்தவர் ஏதோ ஒரு சாதாரணச் சொல்லில் தடுக்கி நிற்பார், அல்லது சிரிப்பார், கேட்ட சொல்லையே திருப்பிச் சொல்வார், ஏன் நின்றோம் என்று அவருக்கே தெரியாது. தடுக்கிய சொற்களை எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே காயத்தைச் சுற்றி அவை நிற்பது தெரியவரும். அந்த முடிச்சுக்கு அவர் பயன்படுத்திய பெயர் காம்ப்ளெக்ஸ். "அவனுக்குக் கொஞ்சம் காம்ப்ளெக்ஸ்" என்று நாம் டீக்கடையில் சொல்கிறோமே, அந்தச் சொல்லை உலகப் புழக்கத்துக்குக் கொண்டுவந்ததில் யுங்குக்குப் பெரிய பங்கு உண்டு. காம்ப்ளெக்ஸ் நம்மிடம் அனுமதி கேட்பதில்லை, தன் பாட்டுக்கு வேலை செய்கிறது, நாம் பேசுவதாக நினைக்கும்போது அது பேசிவிட்டுப் போகிறது. இதை ஊகம் என்று ஒதுக்க முடியாது, ஸ்டாப்வாட்சில் பிடித்துக் காட்டினார்.

இந்த இடம் வரை, உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த சிக்மண்ட் பிராய்டும் அவரும் ஒன்றாக வந்தவர்கள்தான். 1907இல் வியன்னாவில் முதன்முதலாகச் சந்தித்து மணிக்கணக்கில் பேசினார்கள், 1913க்குள் உறவு முறிந்துவிட்டது. முறிவின் விதையை யுங் ஒரு கனவில் காட்டுகிறார். 1909இல் இருவரும் அமெரிக்காவுக்குப் போய்வந்த பயணத்தில் வந்த கனவு அது. 'தன்னுடைய' வீட்டின் மாடியில் நிற்கிறார், நல்ல பழைய நாற்காலி மேசைகள் இருக்கின்றன. கீழ்த்தளத்துக்கு இறங்கினால் அது இன்னும் சில நூற்றாண்டுகள் பழையது. அதற்குக் கீழே ரோமானியர் காலத்து நிலவறை. அதன் தரையில் ஒரு கல்லைத் தூக்கினால் இன்னும் கீழே ஒரு குகை, புழுதியில் எலும்புகள், உடைந்த பானைகள், இரண்டு மண்டை ஓடுகள். பிராய்டுக்கு அந்த மண்டை ஓடுகள்மேல்தான் கண், யாருடைய சாவை நீங்கள் விரும்புகிறீர்கள் என்று குடைந்திருக்கிறார். சண்டையைத் தவிர்க்க யுங் ஏதோ ஒரு பதிலைச் சொல்லிச் சமாளித்தார். அவருக்கோ மொத்த வீடும்தான் கனவின் பொருளாகப் பட்டது. என் மனம் என்று நான் சொல்வது மாடி மட்டும்தான், கீழே நான் கட்டாத தளங்கள் இருக்கின்றன, அடியில் இருப்பது என் குடும்பத்துச் சொத்துகூட இல்லை, மனித இனத்தின் பொதுச்சொத்து. கூட்டு நனவிலி என்று பின்னால் அவர் சொன்னதற்கு இதைவிட எளிய படம் இல்லை. ஆர்க்கிடைப் என்ற சொல்லை அவர் கையில் எடுத்தது அதற்கும் பத்து வருடம் கழித்து, 1919இல்.

சரி, தொல்படிமம் என்றால் என்ன? இங்கேதான் பெரும்பாலானோர் வழுக்குகிறார்கள். நம் மூளைக்குள் முப்பாட்டன் காலத்துப் படங்கள் ஆல்பம் மாதிரி அடுக்கியிருக்கின்றன என்று நினைத்துக்கொள்கிறார்கள். யுங்கின் ஆரம்பகால எழுத்தே அதற்குக் கொஞ்சம் இடம் கொடுத்தது, பிறகு மறுத்து மறுத்து அலுத்துப்போனார். அவர் தந்த உவமை படிகம். கரைசலுக்குள் படிகம் எங்கும் இல்லை, ஆனால் அது உறையும்போது எந்த அச்சுகளில் வளரும் என்பது முன்பே முடிவாகியிருக்கிறது. வடிவத்தின் சாத்தியம்தான் பிறப்பிலேயே வருகிறது, படம் வாழ்க்கையிலிருந்து வருகிறது. தூக்கணாங்குருவி எந்தப் பள்ளியிலும் கூடு கட்டப் படித்ததில்லை, ஆனால் எந்த மரம், எந்த நார் என்பது அந்தந்த ஊரைப் பொறுத்தது. அந்த மாதிரி.

தாய் என்ற தொல்படிமத்தை எடுத்துக்கொள்வோம், உங்கள் கதைக்கு அதுதான் தேவை. பிறந்த குழந்தைக்குத் தாயை எதிர்பார்க்கும் ஒரு தயார்நிலை உண்டு. உங்கள் அம்மா, பாட்டி, வளர்த்த சித்தி யாரோ ஒருவர் அந்த இடத்தில் வந்து உட்காருகிறார். உட்கார்ந்த மனுஷி சாதாரணமானவர், கால்வலி உள்ளவர், சீட்டுப் பணத்துக்காகக் கவலைப்படுகிறவர். ஆனால் அந்த நாற்காலி மிகப் பெரியது. அதில் உட்காருகிறவருக்கு ஒரு தெய்வத்தின் எடை சேர்ந்துவிடுகிறது, அவர் ஒரு சொல் சுடச் சொன்னால் நாற்பது வயதிலும் நமக்குச் சோறு இறங்காமல் போவது அதனால்தான். இந்தப் படிமத்துக்கு இரண்டு முகம் என்று யுங் அழுத்திச் சொன்னார், ஊட்டி வளர்ப்பவள் ஒன்று, விழுங்குபவள் இன்னொன்று. இரண்டும் ஒருத்தியே என்பதற்குக் காளியை உதாரணம் காட்டினார். நமக்கு அவ்வளவு விளக்கம் தேவையில்லை. உடம்பெல்லாம் கொப்புளம் போட்டால் அந்த நோய்க்கே அம்மை என்று பேர் வைத்து, கொப்புளத்தை முத்து என்று சொல்லி, தந்தவளிடமே வேப்பிலையோடு போய் இறக்கு தாயே என்று நின்ற ஊர் நம்முடையது. கொடுப்பதும் எடுப்பதும் ஒரே அம்மன் என்று எந்தப் பாடப்புத்தகமும் இல்லாமல் நம் கிழவிகளுக்குத் தெரிந்திருந்தது.

உங்கள் டெஸ்டில் அந்த இரண்டாவது முகம் இருந்ததா? இருந்திருக்காது, இருந்தாலும் கடைசியில் 'கவனம் தேவை' என்று ஒரு வரி இருந்திருக்கும். 'நீங்கள் அன்பானவர், தன்னலமற்றவர், பிறருக்காக வாழ்பவர்' என்று படித்ததும் உங்களுக்கு இதமாக இருந்தது இல்லையா, அந்த இதத்தைச் சந்தேகப்படுங்கள். யுங் அளவில் பார்த்தால் அந்த டெஸ்ட் தொட்டது உங்கள் தொல்படிமத்தை இல்லை, உங்கள் முகமூடியை. பெர்சோனா என்று அவர் சொன்ன இந்த முகமூடி, பழங்கால நாடக நடிகர்கள் மாட்டிக்கொண்டதன் பெயரிலிருந்து வந்தது. இது பொய் முகம் என்று கெட்ட வார்த்தையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, முகமூடி இல்லாமல் ரேஷன் கடையில்கூட நிற்க முடியாது. ஓய்வு பெற்று எட்டு வருடமான பிறகும் சாப்பாட்டு மேசையில் பேரப்பிள்ளைகளுக்கு அட்டென்டன்ஸ் எடுக்கிற தலைமையாசிரியர்களைப் பார்த்திருப்பீர்கள், கழற்றத் தெரியாமல் போவதுதான் நோய். வீட்டில் 'அவ இருக்கா, பார்த்துப்பா' என்று சின்ன வயதிலேயே உங்களுக்கு ஒரு முகமூடி தைக்கப்பட்டிருக்கலாம், அதற்குப் பாராட்டும் கிடைத்திருக்கலாம். ஒரு டெஸ்ட் வந்து அதற்கு இன்னொரு கோட் பாலிஷ் போட்டுவிட்டுப் போயிருக்கிறது.

முகமூடிக்கு ஒத்துவராத எல்லாம் எங்கே போகும்? நிழலுக்குப் போகும். கோபம், சோம்பல், 'எனக்கு வேண்டும்' என்ற ஆசை, முடியாது என்று சொல்லும் தைரியம், இவை கெட்டவை என்பதால் அங்கே போகவில்லை, உங்கள் முகமூடியின் அளவுக்குப் பொருந்தாததால் போயின. நிழலை நேராகப் பார்க்க முடியாது, அடுத்தவர்மேல் விழும்போதுதான் தெரியும். என் கதையையே சொல்கிறேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒருவர் இருந்தார், சரியாக ஐந்தரைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். கூடுதல் வேலை கேட்டால் முகம் சுளிக்காமல், "இல்ல சார், முடியாது" என்பார், அவ்வளவுதான், காரணம்கூடச் சொல்ல மாட்டார். எனக்கு அவரைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். வீட்டுக்கு வந்தும் அவரைப் பற்றியே பேசுவேன். ஒருநாள் என் மனைவி, "அவரு உங்ககிட்ட என்னதான் திருடினாரு?" என்று கேட்டார். அந்தக் கேள்வி மூன்று நாள் தூங்கவிடவில்லை. அவர் என்னிடமிருந்து எதையும் எடுக்கவில்லை, நான் எனக்கே தடை போட்டு வைத்திருந்த ஒன்றை என் கண்ணெதிரே தினமும் ஐந்தரைக்கு அனுபவித்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். யுங்கைப் பத்து வருடம் படித்திருந்தவன் நான், எல்லோருடைய நிழலையும் கண்டுபிடித்துச் சொல்வேன், இது மட்டும் தெரியவில்லை!

இதிலிருந்து ஒரு நடைமுறை விதி கிடைக்கிறது. காரணத்துக்கு மீறிய உணர்ச்சி எங்கே வருகிறதோ அங்கே தோண்டுங்கள். தம்பி தட்டைக் கழுவாமல் வைத்ததற்குக் கோபம் வருவது இயல்பு. அதற்காக இரண்டு நாள் பேசாமல் இருந்தால் அந்தக் கோபம் தட்டுக்கு உரியது இல்லை. கண்மூடித்தனமான ஈர்ப்புக்கும் இதே விதிதான், பார்த்த மாத்திரத்தில் 'இவர்தான்' என்று தோன்றும் காதலில் பாதி நாம் ஏற்றி வைத்தது. ஆணுக்குள் இருக்கும் பெண் உரு அனிமா, பெண்ணுக்குள் இருக்கும் ஆண் உரு அனிமஸ் என்று யுங் இதை விளக்கினார். ஏற்றிப் பார்ப்பது என்ற கருத்து இன்றும் கூர்மையானது, ஆனால் ஆண் என்றால் அறிவு, பெண் என்றால் உணர்வு என்று அவர் பங்கு பிரித்தது அவர் காலத்துச் சுவிஸ் கனவான்களின் பார்வை, அதைத் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை.

இப்போது உங்கள் கேள்வியின் நடுப்பகுதிக்கு வருகிறேன். தொல்படிமம் குணத்தை உருவாக்குகிறதா? அச்சில் வார்ப்பது மாதிரி இல்லை. அது பிடிக்கிறது. கோயில் கொடையில் சாமியாடுகிறவரைப் பார்த்திருக்கிறீர்களா? பகலில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவர், உடுக்கைச் சத்தம் ஏறியதும் குரல் மாறும், நடை மாறும், ஊர்ப் பெரியவரையே 'வாடா' என்பார், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், ஏனென்றால் பேசுவது அவர் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். கொஞ்ச நேரத்தில் சாமி மலையேறிவிடும். அவர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுநாள் கடை திறப்பார். அந்த மொத்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி மலையேற்றம்தான். வந்தது போய்விட்டது என்று ஊரும் அவரும் ஒப்புக்கொள்ளும் ஒரு முறை அதில் இருக்கிறது. நம் விஷயத்தில் உடுக்கையும் இல்லை, சுற்றி நின்று பார்க்கிற ஊரும் இல்லை. தாய் வந்து இறங்கி அலுவலகம் வரைக்கும் கேக் வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறாள், மலையேறவே மாட்டேன் என்கிறாள், நாம் அதை 'என் குணம்' என்று சொல்லிக்கொள்கிறோம். தொல்படிமத்தோடு தன்னை ஒன்றாக்கிக்கொள்வதை யுங் 'உப்பிப் போதல்' என்ற பொருள் தரும் சொல்லால் குறித்தார். உப்புவது அகங்காரமாகத்தான் வரும் என்றில்லை, 'நான் இல்லாவிட்டால் இந்த வீடு நின்றுவிடும்' என்ற தியாகத்திலும் அதே காற்றுதான் இருக்கிறது.

யுங்குக்கே இது நடந்தது. பிராய்டோடு முறிந்தபின், 1913 முதல், பகலிலேயே காட்சிகள் வரத் தொடங்கின. அதில் வந்த ஒரு உரு பிலேமோன் என்ற கிழவர், மீன்கொத்தியின் நிறத்தில் சிறகுகள். அவரோடு தோட்டத்தில் நடந்தபடி யுங் பேசினார், எதிர்வாதம் செய்தார், அவரை வரைந்தார், எழுதி வைத்தார். அந்தச் சிவப்பு அட்டைப் புத்தகம் 2009இல்தான் அச்சில் வந்தது. இந்த நாட்களில் தன்னைத் தரையில் நிறுத்தியது எது என்று பின்னால் சொன்னார். என்னிடம் மருத்துவப் பட்டம் இருக்கிறது, பார்க்க வேண்டிய நோயாளிகள் இருக்கிறார்கள், மனைவியும் ஐந்து பிள்ளைகளும் இருக்கிறார்கள், குஸ்நாக்ட் ஊரில் ஸீஸ்ட்ராஸே 228 என் வீட்டு முகவரி என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வாராம். புத்தி பேதலித்துப்போன ஜெர்மன் தத்துவவாதி நீட்சேக்கு இப்படிப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாததால் காற்றில் பறந்துவிட்டார் என்பது அவர் கணிப்பு. எனக்கு அவருடைய தத்துவங்களைவிட அந்த வீட்டு எண்மேல் மரியாதை அதிகம். பிலேமோன் நான் இல்லை, ஆனால் எனக்குள் இருப்பவர், எனக்குத் தெரியாததைச் சொல்கிறவர் என்று பிரித்து நிறுத்தி வைத்துப் பேசியதுதான் அவருடைய முறை.

ஒரு கிளைக்கதை. 1938இல் இந்திய அறிவியல் காங்கிரசின் 25ஆம் ஆண்டு விழாவுக்காக அவர் கல்கத்தா வந்தார், அந்தப் பயணத்தில் தெற்கேயும் இறங்கினார், ஆனால் திருவண்ணாமலைக்குப் போகவில்லை, ரமணரைப் பார்க்கவில்லை. அவருடைய நண்பரான இந்தியவியலாளர் ஹைன்ரிஹ் ஸிம்மர் ரமணர்மேல் அவ்வளவு ஈடுபாடு கொண்டிருந்தும் போகவில்லை. ஞானிகளிடமிருந்து அவர்களின் உண்மையை வாங்கிக்கொண்டால் அது தனக்குத் திருட்டு மாதிரி இருந்திருக்கும் என்று பின்னால் எழுதினார். கர்வம் என்று சொல்பவர்கள் உண்டு, பயம் என்று சொல்பவர்களும் உண்டு, எனக்கு இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருந்ததாகத்தான் படுகிறது.

இதெல்லாம் அறிவியலா என்று கேட்டால், சொல் தொடர்புச் சோதனை வரைக்கும் ஆம், அதற்கு மேல் வழுக்கும். கூட்டு நனவிலிக்கு அவர் காட்டிய பிரபலமான சான்று ஒரு பர்க்ஹோல்ஸ்லி நோயாளி. சூரியனுக்கு ஒரு ஆண்குறி இருக்கிறது, அதிலிருந்துதான் காற்று வருகிறது என்று அவர் சொன்னாராம், சூரியனிலிருந்து தொங்கும் குழாயாக அதே மாதிரிக் காட்சி, மித்ரா என்ற பழங்காலக் கடவுளின் வழிபாட்டு ஏடு ஒன்றிலும் இருந்தது. ஆனால் அந்த ஏடு 1903இலேயே ஜெர்மனில் அச்சாகியிருந்தது, அந்தக் கருத்து வேறு வழியிலும் காதில் விழுந்திருக்கலாம் என்று விமர்சகர்கள் கேட்டது நியாயமான கேள்வி. உலகம் முழுக்கக் குழந்தை தாயின் மடியில்தான் வளர்கிறது, இருட்டுக்குப் பயப்படுகிறது, சாவைப் பார்க்கிறது, கதைகள் ஒத்துப்போக இதுவே போதும், பிறப்பிலேயே ஒரு படிமம் எதற்கு என்றும் கேட்கலாம். எந்தத் தொல்படிமத்தையும் பொய்யென்று நிரூபிக்க முடியாத விதத்தில் கோட்பாடு நெகிழ்வாக இருப்பது இன்னொரு குறை. எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது வேறு. 1936இல் ஹிட்லரின் ஜெர்மனியை வோட்டான் என்ற பழைய கடவுள் பிடித்திருப்பதாக எழுதியவர், அதற்கு இரண்டு வருடம் முன்பு யூத மனம், ஆரிய மனம் என்று தானே பிரித்து எழுதியிருந்தார். நிழலைப் பற்றி அத்தனை பக்கம் எழுதியவருக்குத் தன் நிழல் தெரியவில்லை. அதனால் இதை உடற்கூறு போல நம்பாதீர்கள், நல்ல கைவிளக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு என்ன செய்யலாம்? உங்களை எரிச்சலூட்டும் மூன்று பேரை எழுதுங்கள், அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை ஒரே வரியில் எழுதுங்கள், அந்த வரியில் 'தனக்காக', 'கூச்சமில்லாமல்' மாதிரி சொற்கள் வருகின்றனவா என்று பாருங்கள். கனவு வந்தால் குறித்து வையுங்கள், கனவுப் பலன் புத்தகத்தைத் திறக்க வேண்டாம், பாம்புக்கு உங்கள் ஊரில், உங்கள் வாழ்க்கையில் என்ன அர்த்தம் என்பதுதான் கணக்கு. 'எல்லாத்தையும் நான்தானே பார்க்க வேண்டியிருக்கு' என்ற வாக்கியம் தலைக்குள் ஓடும்போது அது யார் குரலில் ஓடுகிறது என்று கேளுங்கள், அம்மாவின் குரலாக இருக்கலாம், பாட்டியாக இருக்கலாம், அந்தக் குரலுக்குக் காகிதத்தில் பதில் எழுதிப் பாருங்கள், பைத்தியக்காரத்தனமாகத் தோன்றினாலும் பரவாயில்லை. தூக்கமே கெடுகிறது, அழுகை நிற்கவில்லை என்ற நிலை என்றால் யுங் காத்திருக்கட்டும், ஒரு மனநல மருத்துவரைப் போய்ப் பாருங்கள்.

அப்புறம் ஒன்று. அப்பாவின் மாத்திரைப் பொறுப்பை ஒரு மாதம் தம்பியிடம் கொடுங்கள். எழுதிக் கொடுத்து, டப்பாவில் நாள்வாரியாகப் பிரித்து, முழுசாக ஒப்படையுங்கள், இடையில் போன் போட்டு விசாரிக்காதீர்கள். அவன் மறந்தால் உங்களுக்கு வரும் கோபத்தைப் பற்றி எனக்குக் கவலையில்லை, அது எல்லோருக்கும் வரும். அவன் ஒருநாள்கூடத் தவறாமல் ஒழுங்காகக் கொடுத்துவிட்டான் என்று தெரியும்போது உள்ளே லேசாக ஒரு ஏமாற்றம் எட்டிப் பார்க்கும் பாருங்கள், அதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள்.